அந்தக் காலத்தில், என்றான்

ஜன்னலுக்கு வெளியே இருக்கும் இரும்புப் படிக்கட்டின் கைப்பிடியில் என் கல்யாணப் படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தபோது, கீழே ஒரு சுற்றுலாக் கும்பல் வந்து நின்றது. சிவப்புக் குடை பிடித்த வழிகாட்டி என் ஜன்னலைக் கைகாட்டி விளக்கினான்.

"அந்தக் காலத்துல வீட்டுல யாராவது நோயாப் படுத்திருந்தா இப்படி விரிப்பு போடுவாங்க. ஊர்வலம் நின்னு, புனிதர் சான் கலோஜெரோ சுரூபத்தோட முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக் காட்டும். இப்ப ஊர்வலம் ஹோட்டல் தெருவோட முடிஞ்சிடுது. இந்தத் தெருவுக்கு வராது."

அந்தக் காலமாம்! என் வீட்டுக்காரர் காஸ்பரே உள்ளே ஜன்னலோரம் தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். காலையிலேயே சவரம் செய்யச் சொல்லி, வெள்ளைச் சட்டை கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். வயிற்றில் இருக்கும் கட்டிக்கு இனி மருந்தில்லை என்று டாக்டர் சொன்ன பிறகு அவர் ஆசைப்பட்டுக் கேட்டது இது ஒன்றுதான். வாலிபத்தில் தொடங்கி முட்டி தேயும்வரை அந்தச் சுரூபத்தைத் தோளில் சுமந்த மனிதர். இந்த வருடம் அது இந்தப் பக்கமே வராது என்று எங்களிடம் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. குடை பிடித்தவன் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா?

"நுன்சியா, பேண்டு சத்தம் கிட்ட வருதா?" என்று கேட்டார் காஸ்பரே. வருகிறது என்று பொய் சொல்லிவிட்டு, ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் படியிறங்கினேன்.

ஹோட்டல் தெருவில் நடக்க இடமில்லை. நடுத்தெருவரை மேசை போட்டு, இதுவரை நான் கண்ணால் பார்க்காத பதார்த்தங்களை எல்லாம் நாங்கள் கடல் தாண்டி விட்டுவந்த ஊரின் சாப்பாடு என்று விற்றுக்கொண்டிருந்தார்கள். எங்களில் பாதிப்பேரை வாடகை ஏற்றித் துரத்தியாயிற்று. மீதிப்பேர் செத்துவிட்டதாக நினைப்பு போலிருக்கிறது. சான் கலோஜெரோ ஒரு ஹோட்டல் வாசலில் நின்றிருந்தார். முதலாளி குடும்பத்தோடு அவர்முன் சிரித்துப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான். அங்கே யாருக்கு நோய்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விழாக் கமிட்டித் தலைவன் லிபோரியோ என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். எங்கள் கட்டடத்து மேல்மாடியில் வளர்ந்தவன். இப்போது நியூ ஜெர்சியில் தோட்டம் வைத்த வீடு. விழாவுக்கு மட்டும் கோட்டு மாட்டிக்கொண்டு வருவான். விரிப்பு போட்டிருக்கிறேன், வாருங்கள் என்றேன். போலீஸ் அனுமதி இந்தத் தெருவுக்கு மட்டும்தான், ஹோட்டல்காரர்கள் இல்லையென்றால் விழாவே இல்லை, காஸ்பரே அண்ணனுக்காகத் தனியாகப் பிரார்த்தனை செய்கிறேன் என்று அடுக்கிக்கொண்டே போனான்.

"உன் பிரார்த்தனை யாருக்கு வேணும்?" என்றேன். "உங்கம்மா படுத்திருந்தப்ப கொட்டுற மழை. அவளை ஜன்னலுக்குத் தூக்கிட்டு வர்றவரைக்கும் என் வீட்டுக்காரரு சுரூபத்தைத் தோள்லேர்ந்து இறக்கலை. அப்ப நீ எவன்கிட்டடா அனுமதி வாங்கின?"

அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "அக்கா, இது விழா. சண்டை போடாதீங்க," என்றான்.

இவனோடு பேசிப் பிரயோஜனமில்லை. சுரூபத்தின் முன்தண்டைத் தாங்கி நின்ற மெலோவிடம் போனேன். காஸ்பரேயிடம் தோள் கொடுக்கப் பழகியவன். சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. "அவரு ஜன்னல்ல உக்காந்திருக்காரு," என்றேன்.

மெலோ லிபோரியோவைப் பார்க்கக்கூட இல்லை. தண்டை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டு, எங்கள் தெருமுனைப் பக்கம் திரும்பி நடந்தான். முன்னால் இருப்பவன் திரும்பினால் பின்னால் இருப்பவர்களுக்கு வேறு வழியில்லை. லிபோரியோ கத்திக்கொண்டே ஓடி வந்தான். பேண்டுக்காரர்களும் பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு வந்தார்கள்.

எங்கள் ஜன்னலுக்குக் கீழே சுரூபத்தைத் திருப்பி நிறுத்தினார்கள். காஸ்பரே ஜன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். எப்படி எழுந்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சிலுவை போட்டுக்கொண்டார், அழுதார். அப்போது பின்னால் படபடவென்று கைதட்டல். அந்தக் குடைக்காரனும் கும்பலும்தான், வேடிக்கை முடிந்த மாதிரி தட்டுகிறார்கள். அத்தனை போன்களும் என் புருஷன் அழுவதைப் படம் பிடித்தன.

குடைக்காரன் சிரித்துக்கொண்டே என்னிடம் வந்தான்.

"ரொம்ப நல்லா இருந்துச்சும்மா. அடுத்த வருஷமும் இந்த ஜன்னல்ல விரிப்பு போடுவீங்களா? முன்னாடியே தெரிஞ்சா ஆளுங்களை இங்க நேரா கூட்டிட்டு வந்திடுவேன்."

"அடுத்த வருஷம் அவரு இருக்க மாட்டாரு," என்றேன்.