இரண்டு யூனிட்

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் அழைப்பு எடுக்கும் அக்கா பத்து வருஷமாக அதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர். புதுத் திரையைச் சோதித்துப் பார்க்க அவரைத்தான் கூப்பிட்டிருந்தார்கள். அதற்கு நிரல் எழுதியவள் நோட்டும் பேனாவுமாகப் பக்கத்தில் நின்றாள்.

“யூனிட் பதினாலு, காலி” என்று திரையில் இருந்ததைப் படித்துவிட்டு அக்கா கண்ணாடியைக் கழற்றினார். “ஏம்மா, பதினாலாம் வார்டா? அதை இடிச்சுத் தள்ளிட்டு இப்ப அங்க வண்டி நிறுத்துறாங்க. நோயாளியைக் கொண்டுபோய் எங்க படுக்க வைக்கச் சொல்றே, பானட் மேலயா?”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். மேலாளர் சிரிக்கவில்லை. “திங்கட்கிழமை இது ஓடணும். ஆனா இப்படி ஓடக் கூடாது” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவளுக்கு முகம் சுண்டிப்போனது. முந்தின நாள் வரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

இடத்துக்கு வந்து தோண்டிப் பார்த்ததில் சங்கதி பிடிபட்டது. திரைக்குத் தகவல் இரண்டு சேவைகளிலிருந்து வருகிறது. எந்தப் பிரிவில் படுக்கை காலி என்று மருத்துவமனையின் சேவை சொல்லும். எந்த ஆம்புலன்ஸ் சும்மா நிற்கிறது என்று வண்டிகளின் சேவை சொல்லும். தன்னிடம் என்னென்ன கேட்கலாம் என்று ஒவ்வொன்றும் ஒரு விவரக் கோப்பு தந்திருந்தது. அந்தக் கோப்புகளைப் படித்து, சேவைகளோடு பேசுவதற்கான நிரலை ஒரு கருவி தானாகவே எழுதித் தந்துவிடும். வம்பு எங்கே என்றால், மருத்துவமனை தன் பிரிவை ‘யூனிட்’ என்றது. வண்டிக்காரர்களும் தங்கள் வண்டியை ‘யூனிட்’ என்றார்கள். கருவி முதலில் கண்டதற்கு ‘யூனிட்’ என்றும் அடுத்ததற்கு ‘யூனிட்1’ என்றும் பேர் வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தது.

நேற்று மருத்துவமனையிலிருந்து புதிய விவரக் கோப்பு வந்தது. அதை வேறு பேரில் சேமித்தாள். கருவி கோப்புகளை அகர வரிசையில் படிக்கும்; இந்தத் தடவை வண்டிகள் முந்திக்கொண்டன. பேர்கள் இடம் மாறின. இரண்டிலும் இருந்தது ஒரு எண்ணும், காலியா இல்லையா என்ற குறிப்பும்தான் என்பதால் பிழை என்று எதுவும் கத்தவில்லை. வேலையில்லாமல் நின்ற பதினாலாம் வண்டி, காலியான பதினாலாம் வார்டாகத் திரையில் ஏறிவிட்டது.

கோப்புக்குப் பழைய பேரையே வைத்தால் ஐந்து நிமிஷத்தில் சரியாகிவிடும். கை பரபரத்தது. ஆனால் நாளைக்கே வேறொருவர் வேறொரு பேரில் சேமித்தால் மறுபடி இதே கூத்து. மருத்துவமனைக்காரர்கள் ‘யூனிட்’ என்ற பேரை மாற்றிக்கொண்டால் தேவலை. அங்கே அந்தச் சேவையைக் கவனிப்பது அவளுடைய நாத்தனார். மாமியாரின் கண்ணை எந்த டாக்டரிடம் காட்டுவது என்று வந்த சண்டையில் இருவரும் பேசி மூன்று மாதம் ஆகியிருந்தது.

வேறு வழியில்லை. போன் செய்தாள்.

“வணக்கம் மேடம், ஆம்புலன்ஸ் மென்பொருள் பிரிவுலேருந்து பேசறேன்.”

“மேடமா? எப்பலேருந்து இந்த மரியாதை?”

“ஆபீஸ் விஷயம் அண்ணி, அதான்...”

“சரி, சொல்லு.”

சொன்னாள். பானட் வரை வந்ததும் அண்ணி அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டார்.

“அந்தப் பேர் நான் வச்சதுதான். வார்டுன்னு வச்சா ஐ.சி.யூ. வார்டான்னு கேட்டாங்க. பிரிவுன்னு வச்சா கணக்குப் பிரிவான்னு கேட்டாங்க. போங்கடான்னு யூனிட்னு வச்சுட்டேன்.”

“இப்ப மாத்த முடியுமா?”

“எட்டு இடத்துல அதை நம்பி நிரல் ஓடுது. மாத்தினா எட்டு பேரும் என் கழுத்தைப் பிடிப்பாங்க. இன்னொண்ணு கேளு. அடுத்த மாசம் ‘நிலை’, ‘இடம்’னு ரெண்டு தகவல் புதுசா வருது. வண்டிக்காரங்ககிட்டயும் அது இருக்கும்ல?”

“இருக்கு.”

“அப்ப ஒவ்வொண்ணா எத்தனை தடவை மல்லுக்கட்டுவே? சேவைக்கு ஒரு தனி அறை குடுக்க உன் கருவியில வழி இல்லையா? உள்ள யாருக்கு என்ன பேர் இருந்தா உனக்கென்ன?”

போனை வைக்கப் போகும்போது அண்ணி குரலைத் தாழ்த்தினார். “அம்மாவுக்குச் சொட்டு மருந்து யார் போடறா?”

“நான்தான். மூணு வேளையும்.”

“ம். ஞாயித்துக்கிழமை வரேன். ஆஸ்பத்திரிப் பேச்சை மட்டும் எடுக்காதே.”

“நீங்களும் எடுக்காதீங்க அண்ணி.”

கருவியில் வழி இருந்தது. கையேட்டில் அவள் புரட்டாமல் விட்ட பக்கத்தில். அமைப்புக் கோப்பில் இரண்டே வரி: இந்தச் சேவையிலிருந்து வருவதெல்லாம் ‘மருத்துவமனை’ தொகுப்புக்குள், அந்தச் சேவையிலிருந்து வருவதெல்லாம் ‘வண்டி’ தொகுப்புக்குள். இடுப்பு ஒடிந்தது அதற்கப்புறம்தான். தான் எழுதிய நிரலில் அறுபத்து மூன்று இடங்களில் ‘யூனிட்’ இருந்தது. ஒவ்வொன்றிலும் வார்டா வண்டியா என்று பார்த்து மாற்ற வேண்டும். ‘யூனிட் வந்து சேர்ந்தாச்சு’ என்ற ஓரிடத்தில் அது எது என்று, எழுதிய அவளாலேயே சொல்ல முடியவில்லை. அழைப்பு எடுக்கும் அக்காவிடம் போய்க் கேட்டாள்.

“வந்து சேர்ந்தாச்சுன்னா வண்டிதானேம்மா? வார்டு எங்கயாவது கிளம்பி வருமா?”

வெள்ளிக்கிழமை மதியம் எல்லாம் முடிந்தது. வேண்டுமென்றே கோப்புகளின் பேரை மாற்றி, வரிசையைக் கலைத்து, கருவியை மூன்று தடவை ஓட்டிப் பார்த்தாள். திரையில் எதுவும் இடம் மாறவில்லை. திங்கட்கிழமை காலை முதல் அழைப்பில், மாடிப்படியில் விழுந்த ஒரு பெரியவரை நாலாம் வண்டி ஏழாம் வார்டில் கொண்டுபோய்ச் சேர்த்தது.

அடுத்த மாதம் ‘நிலை’யும் ‘இடமும்’ வந்தன. ஒரு பேரும் இடிக்காமல் கருவி கால் நிமிஷத்தில் ஓடி முடித்தது. அவள் கணினியைப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போனாள்.