குட்டியின் பேரில் வந்த வாடகை

நாற்பத்தாறு வயதாகியும் குடும்பத்தில் அவளுக்குக் குட்டி என்றுதான் பெயர். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் துணிக்கிடங்கில் வேலை. கிழிந்த படுக்கை விரிப்புகளைத் தைப்பாள், ஆபரேஷன் தியேட்டர் அங்கிகளுக்கு நாடா வைப்பாள். புருஷன் போய்ச் சேர்ந்து ஒன்பது வருடம். ஒரே மகள் துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள்.

அண்ணன் வசம் ஐந்து ஃபிளாட்டுகள் இருந்தன. அவை அவனுடையவை அல்ல, அப்பா சாகும் முன் எழுதிவைத்த குடும்ப டிரஸ்டுடையவை. நிர்வாகம் அண்ணனுக்கு, வருமானத்தில் பங்கு பிள்ளைகள் இருவருக்கும் என்று பத்திரம் சொன்னது. குட்டி அந்தப் பத்திரத்தைப் பார்த்ததில்லை. வருடத்துக்கு ஒருமுறை அண்ணன் ஒரு கவர் அனுப்புவான். பென்சிலால் குறி போட்ட இடங்களில் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்புவாள். பதிலுக்கு அண்ணி ஒரு டப்பா பிஸ்கட் கொடுத்துவிடுவாள்.

அந்த வருட பட்ஜெட்டில் அரசாங்கம் இரண்டு இடத்தில் கை வைத்தது. வீட்டை விற்று வரும் லாபத்தில் பாதிக்கு வரி கிடையாது என்றிருந்த சலுகை ரத்தானது. குடும்ப டிரஸ்டுகள் யாருக்குப் பங்கு கொடுத்ததாகக் காட்டினாலும், முதலில் தாங்களே முழு வரியைக் கட்டிவிட வேண்டும் என்றானது. நிதியாண்டு முடிய ஏழு வாரம் இருந்தது. அதற்குள் விற்றால் பழைய கணக்கு.

மூன்றாம் நாளே அண்ணன் போன் செய்தான். "குட்டி, சனிக்கிழமை ஆடிட்டர் ஆபீசுக்கு வந்துடு. அஞ்சு நிமிஷ வேலை."

ஆடிட்டர் அறை மூன்றாவது மாடியில். லிஃப்ட் ஓடவில்லை. வந்தவர்கள் உட்காரும் நாற்காலிகளிலெல்லாம் ஃபைல்கள் உட்கார்ந்திருந்தன. ஆடிட்டர் ஒன்றைக் காலிசெய்து கொடுத்தார். விஷயம் இதுதான்: ஐந்தையும் விற்று டிரஸ்டைக் கலைக்கப் போகிறார்கள். வாங்குகிறவர்களின் வக்கீல், பங்குதாரர் யாருக்கும் பாக்கி இல்லை என்று எழுத்து கேட்கிறார். ஆகவே, தனக்குச் சேர வேண்டியதெல்லாம் சேர்ந்துவிட்டது என்று குட்டி எழுதித் தர வேண்டும்.

இதுவரை வந்த காகிதங்களில் எழுத்து பொடிப்பொடியாக இருக்கும். இதில் ஒரு பக்கம் முழுக்கப் பெரிய எழுத்தில் ஒரு பட்டியல் இருந்தது. பதினொரு வருடங்கள், ஒவ்வொன்றுக்கும் நேராக ஒரு தொகை. மேலே அவள் பெயர்.

"என்னண்ணா இது?"

"அதுவா? சும்மா காகிதத்துக்கு. உனக்கு வருமானம் கம்மி. வாடகையில பாதி உனக்குக் கொடுத்ததா காட்டினா வரி குறையும். எல்லா வீட்லயும் நடக்கிறதுதான்."

"எனக்கா வந்துச்சு இவ்வளவும்?"

அண்ணன் ஆடிட்டரைப் பார்த்தான். ஆடிட்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வந்ததா காட்டியிருக்கும்மா."

குட்டியின் விரல் ஆறாவது வரியில் நின்றது. மகள் பள்ளிப் படிப்பை முடித்த வருடம். ஃபார்மசி படிக்க இடம் கிடைத்திருந்தது. அரசு கொடுக்கும் கட்டண உதவிக்கு எழுதிப்போட்டார்கள். குடும்ப வருமானம் வரம்புக்கு மேல் என்று திரும்பி வந்தது. நாலு முறை அந்தக் கவுண்டரில் போய் நின்றாள். அதே பெயரில் வேறு யாரோ பணக்காரி இருக்கிறாள், கம்ப்யூட்டர் குழப்பிவிட்டது என்றே நம்பினாள். கடைசியில் அண்ணனிடம் கடன் கேட்டுப் போனாள். கை கொஞ்சம் இறுக்கம் என்றான். டிரஸ்ட் பேரில் அவன் ஐந்தாவது ஃபிளாட்டை வாங்கியது அந்த வருடம்தான்.

"உன் வீட்டு வாசல்ல நின்னு அழுதேனேண்ணா. எதனால உதவி கிடைக்கலன்னு உனக்கு அப்பவே தெரியுமா?"

"தெரிஞ்சு என்ன பண்ணச் சொல்றே? திருத்தப் போனா வரி ஆபீஸ்காரன் பழசையெல்லாம் தோண்டுவான். இப்ப என்ன, அவ நல்லாத்தானே இருக்கா. வேலைக்குப் போறா."

குட்டி பேனாவை மூடினாள். "இதுல எழுதியிருக்கிறதைக் கொடு. வாங்கிட்டேன்னு எழுதித் தர்றேன்."

அண்ணன் சிரித்தான். அடுத்த வாரம் சிரிக்கவில்லை. ஒரு வருடப் பங்கு தருகிறேன் என்றான், பிறகு இரண்டு. அண்ணி போனில் அழுதாள், பிறகு ஏசினாள். "அப்பா சம்பாதிச்சதை அரசாங்கத்துக்குத் தூக்கிக் கொடுக்கப் போறியா? நீயெல்லாம் ஒரு பொண்ணா?"

மகளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மகள் கேட்டாள்: "கடைசித் தடவை கவுண்டர்ல அந்த ஆளை வாய்க்கு வந்தபடி திட்டினியேம்மா. அப்போ அவர் சொன்னதுதான் சரியா?"

நிதியாண்டு முடிய ஐந்து நாள் இருக்கையில் குட்டி அரை நாள் லீவு போட்டு வரி அலுவலகத்துக்குப் போனாள். டிரஸ்டிலிருந்து ஒரு காசும் வாங்கவில்லை என்று எழுதிக் கொடுத்தாள். அவள் வயதுதான் இருக்கும் அந்த அதிகாரிக்கு. பதினொரு வருடப் படிவங்களையும் எடுத்து மேசையில் வரிசையாகப் பரப்பினார்.

"இதெல்லாம் உங்க கையெழுத்துதானே?"

"ஆமாங்க."

"படிக்காமயா போட்டீங்க?"

"அண்ணன் அனுப்பினதுங்க."

அதிகாரி அதையும் எழுதிக்கொண்டார்.

விற்பனை நின்றது. வாங்க வந்தவர்கள் முன்பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள். நாள் தாண்டியது. விசாரணை இரண்டு வருடம் இழுத்தது. முடிவில் அண்ணன் புதிய வரியோடும் அபராதத்தோடும் நாலு ஃபிளாட்டுகளை விற்க வேண்டியதாயிற்று. குட்டிக்கும் பங்கு வந்தது, பொய்க்கணக்கில் கையெழுத்துப் போட்டதற்கான அபராதம் போக. உறவுக்காரர்கள் அண்ணன் பக்கம் நின்றார்கள். அரசாங்கம்கூட ஏழு வாரம் கொடுத்தது, கூடப் பிறந்தவள் ஒரு நாள் கொடுக்கவில்லை என்று அவன் போகிற இடமெல்லாம் சொன்னான். கேட்கிறவர்களுக்கு அது நியாயமாகவே பட்டது.

பணம் வங்கிக்கு வந்த அன்று குட்டி மகளிடம் கேட்டாள், "இப்ப போய் அந்தப் படிப்பைப் படிக்கிறியா?"

"பதினெட்டு வயசுப் பிள்ளைங்களோட போய் உக்காரவா? விடும்மா." மகள் போனில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். "வரி வந்ததிலிருந்து நிறையப் பேர் விக்கிறாங்க. விலை இறங்கியிருக்கு. ரெண்டு ரூம் ஃபிளாட் ஒண்ணு வாங்கி வாடகைக்கு விடலாம்."

விளையாட்டுக்குச் சொல்கிறாளோ என்று குட்டி பார்த்தாள். இல்லை.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் போய்ப் பார்த்தார்கள். குடியிருந்த பெண் கதவைத் திறந்தாள். உள்ளே ஒரு பையன் தரையில் கவிழ்ந்து படுத்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தான். மகள் அவனைத் தாண்டிப் போய்க் குழாய்களைத் திறந்து பார்த்தாள், சுவரின் ஈரத்தைத் தட்டிப் பார்த்தாள்.

"நாங்க காலி பண்ணணுமாக்கா?" என்று அந்தப் பெண் குட்டியிடம் மெதுவாகக் கேட்டாள்.

குட்டி வாய் திறக்குமுன் மகள் சமையலறையிலிருந்து பதில் சொன்னாள். "வேண்டாம், இருங்க. வாடகை மட்டும் கொஞ்சம் கூடும்."