சுவரோடு சேர்ந்தவை

1

இது கதையாக இருந்திருக்கவே வேண்டியதில்லை. ஒரு வார இதழின் இணைப்புக்காக, வீடு வாங்குகிறவர்கள் வரியையும் சமையலறைச் சாமான்களையும் எப்படித் திட்டமிடுவது என்று கட்டுரை கேட்டிருந்தார்கள். குடும்பக் கதை எழுதுகிற என்னிடம் ஏன் கேட்டார்கள் என்றால், போன வருஷம் நான் வீடு வாங்கியது ஆசிரியருக்குத் தெரியும். நான் புலம்பிய புலம்பல் அப்படி.

முதல் வாக்கியம் சுலபமாக வந்தது: 'வீட்டின் விலையோடு செலவு முடிந்துவிடுவதில்லை.' இரண்டாவதும் வந்தது: 'முதன்முதலாக வீடு வாங்குவோருக்கு முத்திரைத் தீர்வையில் சலுகை உண்டு. உதாரணமாக, கல்யாணம் செய்துகொள்ளப்போகும் ஓர் ஆணும் பெண்ணும்

அங்கேயே நின்றுவிட்டது. உதாரணத்துக்குக் கூப்பிட்டவர்கள் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டார்கள். காபி கேட்காததுதான் பாக்கி.

2

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டி ஃபிரேமில் பொருத்துகிறவள். பிறந்ததிலிருந்து வாடகை வீடு. அவன் லிஃப்ட் மெக்கானிக். ஏற்கெனவே ஒருமுறை கல்யாணம் ஆனவன், ஒருமுறை வீடு வாங்கியவன். இரண்டும் ஒன்றாகவே கைவிட்டுப் போயின.

[முதல் மனைவி இறந்துபோனதாகத்தான் முதலில் எழுதினேன். வாசகர்களுக்கு இரக்கம் வரும். பிறகு அடித்துவிட்டேன். அந்தப் பெண் வேறு ஊரில் சௌக்கியமாக இருக்கிறாள். அவளைக் கொன்று இவனுக்கு மார்க் வாங்கித் தருவானேன்?]

இந்தக் கதையின் ஊரில் சட்டம் இப்படி: இதற்குமுன் சொந்த வீடு இல்லாதவருக்கு மட்டும்தான் சலுகை. பத்திரத்தில் இரண்டு பேர் இருந்து, ஒருவர் ஏற்கெனவே வீடு வைத்திருந்தவர் என்றால் முழுத் தீர்வை. கணவன் மனைவி என்றால் ஒருவர் பெயரில் வாங்கினாலும் இருவரும் ஒரே கணக்கு. (உங்கள் ஊரில் வேறு மாதிரி இருக்கும். தயவுசெய்து கதையை நம்பிப் பத்திரம் எழுதாதீர்கள்.)

ஆகவே வீட்டை அவள் மட்டும், கல்யாணத்துக்கு முன்னால் வாங்குவது என்று முடிவாயிற்று. மிச்சமாகும் வரிப்பணத்தில் ஃப்ரிஜ், அடுப்பு, ஓவன், வாஷிங் மெஷின், எல்லாம் அவன் பெயரில். அவன் பெயரையும் பத்திரத்தில் சேர்த்தால் சமையலறை வெறும் சுவர்தான். அதற்குமேல் இருவர் கையிலும் எதுவும் இல்லை.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பார்கள். இவர்கள் பழமொழியின் வரிசையைக்கூட மாற்றவில்லை.

3

கடையில் அவன் ஓடுகிற வாஷிங் மெஷின் ஒவ்வொன்றின் மேலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். மாப்பிள்ளைக்கு நாடி பார்ப்பதுபோல இருந்தது.

"இதுல பேரிங் சரியில்ல."

"சார், இது புதுசு சார்" என்றார் விற்பனையாளர்.

"புதுசுலயே சரியில்ல."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அந்தக் கைக்காகத்தான் அவனைப் பிடித்தது. அவள் வேலை செய்யும் கடை இருக்கும் கட்டடத்தில் ஒருமுறை லிஃப்ட் நின்றபோது அவளுடன் உள்ளே மாட்டிக்கொண்ட பெரியவர் ஒருவருக்கு மூச்சு முட்டியது. வெளியிலிருந்து ஒரு குரல் சிரித்துச் சிரித்துப் பேசி அவரைத் தேற்றிக்கொண்டே இருந்தது. கதவு விலகியதும் முதலில் தெரிந்தது கிரீஸ் படிந்த ஒரு கை.

"இந்த ஓவன் சுவத்துக்குள்ள உக்காருமா?" அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

"உக்காரும் சார். எல்லாமே பில்ட்-இன்ல இருக்கு. ஃப்ரிஜ், டிஷ்வாஷர், எல்லாம். பலகையோட பலகையா போயிடும். வெளிய தெரியவே தெரியாது."

"காசு குடுத்து வாங்கறது தெரியாம இருக்கறதுக்கா?" என்றாள் அவள். "இங்க பாருங்க, இந்த ஃப்ரிஜ். கீழ சக்கரம் இருக்கு."

"ஃப்ரிஜ்ஜுக்கு எதுக்கு சக்கரம்? அது எங்க போகப் போகுது?"

"போகணும்னா போகலாம்ல."

அவன் அதற்குப்பின் எந்த மெஷின் மேலும் கை வைக்கவில்லை. விலைச்சீட்டுகளை மட்டும் வாங்கிக்கொண்டு இருவரும் வெளியே வந்தார்கள்.

(கட்டுரைக்கு வேண்டியிருப்பதால் ஒரு வரி: சுவரில் பதிக்கும் சாமான் அழகு. பழுதானால் அதே அளவில் இன்னொன்று கிடைப்பது உங்கள் அதிர்ஷ்டம்.)

4

இங்கே ஒரு சந்தேகம். அவன் நல்லவன்தானா? 'அவன் எதையும் எதிர்பார்க்காதவன், ஏனென்றால்' என்று ஆரம்பித்து விட்டுவிட்டேன். எதிர்பார்க்காத ஆண்பிள்ளையை நான் கதைகளில் நிறைய எழுதியிருக்கிறேன். நேரில் ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை.

அதனால் அவனுடைய அக்காவைக் கூப்பிட்டேன். அவள் வாயில் போட்டு எடுத்தால் எந்தப் பாத்திரத்தின் சாயமும் வெளுத்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை, அக்கா வீடு. கல்யாணப் பேச்சுக்காக இருவரும் வந்திருந்தார்கள். கல்யாணப்பெண் உள்ளே தண்ணீர் எடுக்கப் போனாள். குழாயைத் திறக்குமுன் கூடத்துப் பேச்சு காதில் விழுந்தது.

"வீடு அவ பேருல. சரி. சாமான் உன் பேருல. அதுவும் சரி. அந்தச் சாமானைக் கொண்டுபோய் சுவத்துல ஏன்டா பதிக்கிற? வக்கீல் சொன்னப்ப நீ தூங்கிட்டு இருந்தியா?"

வக்கீல் சொன்னது அவளுக்கும் நினைவிருந்தது. பழைய வீட்டுக்காரரின் ஃப்ரிஜ், திரைச்சீலை போன்றவற்றைத் தனி ரசீதில் வாங்கினால் அவற்றுக்குத் தீர்வை கிடையாது. ஆனால் பதித்த அலமாரி, பதித்த அடுப்பு எல்லாம் வீட்டோடு சேர்த்தி. ஆணி இறங்கிவிட்டால் அது சுவர்.

"கேட்டுட்டுதான் இருந்தேன்" என்றான்.

"அப்போ நீ திருகாணி போடப் போட எல்லாம் அந்தக் கண்ணாடிக்கடைக்காரியோடதா ஆயிடும். உன்னோடதுன்னு என்னடா இருக்கும்?"

"டூல்ஸ் பெட்டி இருக்குக்கா."

"அதையாவது மாட்டாம கீழ வை. நாளைக்கு அவ போன்னு சொன்னா தூக்கிட்டு வர ஏதாவது வேணும்ல? போன தடவை மாதிரி ஒரு ஃப்ரிஜ்ஜோட என் வாசல்ல வந்து நின்னா, இந்த வாட்டி ஃப்ரிஜ்ஜை மட்டும் உள்ள விட்டுட்டு கதவைச் சாத்திடுவேன்."

அவன் சிரித்தான். உள்ளே அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. குழாயைத் திறந்து, குவளை வழிவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

5

அளவெடுக்கவென்று வீட்டின் சாவியைக் கொடுத்திருந்தார்கள். பதிவுக்கு முந்தின நாள் காலை. காலிச் சமையலறை. அவன் டேப்பின் ஒரு முனையைப் பிடிக்க, அவள் மறுமுனையைப் பிடித்திருந்தாள்.

"அக்கா சொன்னது கேட்டுச்சு" என்றாள்.

"அவ சொல்லுவா."

"தெரிஞ்சேதான் பில்ட்-இன் கேட்டீங்களா? எனக்கு தர்மம் பண்றீங்களா?"

"தர்மமா? வரிய மிச்சம் பிடிச்சு ஃப்ரிஜ் வாங்கறவன் தர்மம் பண்ணுவானா?"

"அப்புறம் ஏன்?"

அவன் டேப்பைச் சுருட்டவில்லை. இருவருக்கும் நடுவே மஞ்சள் பட்டையாக அது தொங்கியது.

"போன தடவை எல்லாத்தையும் பிரிச்சோம். மிக்ஸி அவளுக்கு, இஸ்திரிப்பெட்டி எனக்கு. சண்டைகூட இல்ல. ரொம்ப மரியாதையா. ஃப்ரிஜ்ஜை நானே படியில இறக்கினேன். அவ மேல நின்னு 'பாத்து, பாத்து'ன்னு சொன்னா. அதுதான் எனக்குத் தாங்கல." கட்டைவிரலால் டேப்பின் எண்களைத் தடவினான். "இன்னொரு தடவை பங்கு பிரிக்க என்னால முடியாது. பிரிக்கவே முடியாததா வாங்கிட்டா, ஒருவேளை அப்படி ஆனாலும் நான் கையை வீசிட்டுப் போயிடலாம்."

"கல்யாணமே இன்னும் ஆகல. அதுக்குள்ள எப்படிப் போறதுன்னு ரூட் போட்டு வச்சிருக்கீங்க."

"நீ மட்டும்? சக்கரம் வச்ச ஃப்ரிஜ் கேட்டியே?"

அவன் அவளை 'நீ' என்றது அதுதான் முதல் தடவை. இருவருமே அதைக் கவனிக்கவில்லை.

அவள் வளர்ந்த வாடகை வீடுகளில் சுவரில் ஆணி அடிக்க யாரும் விட்டதில்லை. காலண்டர்கூட அலமாரிமேல் சாய்ந்துதான் நிற்கும். கிளம்பு என்றால் சாயங்காலத்துக்குள் கிளம்புகிற மாதிரிதான் அம்மா எதையும் வாங்குவாள். சக்கரத்தைப் பார்த்ததும் அவளுக்கு வந்த சந்தோஷம் அந்தப் பழக்கத்தின் சந்தோஷம். இதை அவனிடம் சொன்னாள். முழுதாகச் சொல்ல வரவில்லை, காலண்டர் வரைக்கும் வந்தது.

அவனுக்குப் புரிந்துவிட்டது. குடித்தனம் வைக்கச் சாமான் பார்க்கப்போன இரண்டு பேரும், ஆளுக்கொரு பக்கமாக வெளியேறும் வழியைத்தான் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

"பேசாம உங்க பேரையும் பத்திரத்துல போட்டுடலாம்" என்றாள்.

"பைத்தியமா? முழு வரி. ஒரு ஸ்டவ்கூட வாங்க முடியாது."

"வாங்க வேணாம்."

"வேணாம், உன் பேரு மட்டும் இருக்கட்டும். எனக்கு அதுல ஒரு குறையும் இல்ல."

"எனக்கு இருக்கே."

டேப்பை விட்டாள். அது சரசரவென்று அவன் கைக்குள் ஓடிச் சுருண்டது.

6

முடிவு எழுதவேண்டும். இரண்டு எழுதினேன்.

(அ) இரண்டு பெயரும் ஏறுகின்றன. சலுகை போய்விடுகிறது. காலிச் சமையலறையில் ஒற்றை மின்அடுப்பு, பக்கெட்டில் துணி. மாலையில் அவன் சட்டையைப் பிழிய அவள் மறுமுனையைப் பிடித்து முறுக்குகிறாள்.

என் வாசகிகளுக்கு இது பிடிக்கும். எனக்கும் பிடித்திருந்தது, வரிப்பணத்தை எண்ணிப் பார்க்கும்வரை. அவ்வளவையும் ஒரு பெயருக்காகக் கொட்டு என்று இன்னொரு குடும்பத்துக்கு நான் எப்படிச் சொல்வது? துணியை முறுக்குவது முதல் வாரம் காதல். மூன்றாவது வாரம் தோள்வலி.

(ஆ) அவள் பெயர் மட்டும். புத்திசாலித்தனம். ஓவன் பதிக்கிறான், அவள் விளக்குப் பிடிக்கிறாள், பத்து வருஷம் கழித்தும் அவன் ஒருநாளும்

இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தைரியமில்லை. பத்து வருஷத்துக்கு நான் எப்படி ஜாமீன் நிற்பது?

7

ஆகவே பதிவு அலுவலகத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் கோணலாக ஒரு கடிகாரம். அக்காவும் வந்திருக்கிறாள், சாட்சிக் கையெழுத்துப் போட. வரும்போதே இருவரிடமும், "எதையாவது சொல்லித் தொலைங்க, எனக்குப் பசிக்குது" என்றாள்.

வக்கீல் இரண்டு விதமாகவும் பத்திரம் தயார் செய்து வைத்திருக்கிறார். தொழில் தெரிந்த மனிதர். காதல் விஷயங்களில் கடைசி நிமிஷம் என்று ஒன்று உண்டு என்பது அவருக்குத் தெரியும்.

அவர்கள் முறை வந்தது. எழுத்தர் தலையைத் தூக்காமல் கேட்டார்:

"வாங்கறவங்க ஒருத்தரா, ரெண்டு பேரா?"

என்ன பதிலானாலும் அவள் மட்டும்தான் எழுந்து மேசைக்குப் போகவேண்டும் என்று வீட்டிலேயே பேசி வைத்திருந்தது. அவள் எழுந்தாள். அவனும் எழுந்தான். ஏன் எழுந்தோம் என்று தெரியாமல் மறுபடி உட்காரப் பார்த்தான். அக்கா, இந்தக் கதையில் முதன்முறையாக ஒன்றும் சொல்லாமல், அவன் நாற்காலியில் தன் கைப்பையை வைத்தாள்.

அவன் நிற்கிறான். அவள் திரும்பி அவனைப் பார்க்கிறாள். பிறகு எழுத்தரைப் பார்க்கிறாள்.

உங்களுக்கும் வீடு இருக்கலாம், வீட்டில் ஆள் இருக்கலாம். அவள் வாயில் என்ன பதில் வரவேண்டும் என்பதை என்னைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள். கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள். பின்னால் வரிசை நிற்கிறது.