எல்லிஸ்டனில் வாடகைக்கு ஒரு வீடு

அலபாமாவை விட்டுக் கிளம்பியபோது டார்லாவுக்குப் பத்தொன்பது வயது. இனி எவருடைய சாவுக்காவதுதான் இந்த மண்ணில் கால் வைப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். சொன்னபடியே செய்தாள். அப்பாவின் அடக்கத்துக்கு ஒருமுறை வந்தாள். சர்ச்சில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள், யாரும் கை கொடுக்கவில்லை, அன்றே திரும்பிவிட்டாள். அதன்பின் எல்லாம் வடக்கேதான். வெர்மான்ட்டில் பனிக்காலம் முழுக்க வீடு வீடாகப் போய்ச் சூடேற்றும் எந்திரங்களைப் பழுது பார்த்தாள். எலிஸைக் கல்யாணம் செய்துகொண்டாள். இருவருமாக ஹேட்டியைத் தத்தெடுத்தார்கள். பேச்சில் ஒட்டியிருந்த தெற்கத்தி இழுவையைக்கூட டார்லா கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து எடுத்துவிட்டிருந்தாள்.

அப்படிப்பட்டவள் இப்போது அலபாமாவில், எல்லிஸ்டன் என்கிற சின்ன ஊருக்குள் தானே காரை ஓட்டிக்கொண்டு வந்தாள். அதற்குக் காரணமானவள் பின்னிருக்கையில் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஹேட்டிக்கு ஒன்பது வயது. பிறவியிலேயே காது கேட்காது. வெர்மான்ட்டில் அவள் படித்த பள்ளியில் எல்லாரும் நல்லவர்கள்தான். அவளைப் பார்த்தால் சிரிப்பார்கள், கையசைப்பார்கள், அத்தோடு விளையாடப் போய்விடுவார்கள். சைகையில் பேசத் தெரிந்தது, பாடத்தை மொழிபெயர்க்க வரும் அம்மாள் ஒருத்திக்குத்தான். பிறந்தநாளுக்கு யாரைக் கூப்பிடலாம் என்று கேட்டபோது ஹேட்டி யோசித்துப் பார்த்து அந்த அம்மாளின் பெயரை மட்டும் சொன்னாள். அன்றைக்கு எலிஸ் குளியலறையில் போய் அழுதுவிட்டு வந்து, எல்லிஸ்டனில் இருக்கும் காது கேளாதோர் பள்ளியைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள்.

டார்லா பனிக்காலம் முழுக்க ஒரே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"உனக்கு அந்த ஊரைத் தெரியாதுடி. எனக்குத் தெரியும். நான் பொறந்தது அங்கிருந்து கூப்பிடு தூரம்."

"நீ பொறந்தது எப்பவோ. இப்ப மாறியிருக்கும்."

"என்ன மாறியிருக்கும்? கார் மாறியிருக்கும்."

கடைசியில் பள்ளியைப் பார்த்துவிட்டாவது வரலாம் என்று ஒத்துக்கொண்டாள். எலிஸ் அதற்குள் தொலைபேசியில் டிட்வெல் என்பவரிடம் பேசி, பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு வீட்டையும் வாடகைக்குச் சொல்லிவைத்திருந்தாள். டார்லாவுக்கு அது வழியில்தான் தெரிந்தது.

ஊருக்குள் நுழையும் இடத்தில், செத்தபிறகு எங்கே போவாய் என்று கேட்டு ஒரு பெரிய பலகை நின்றது. மூலைக்கு மூலை சர்ச்சு. வீட்டு முற்றங்களில் கொடிகள். எலிஸ் மடியில் இருந்த பையின் பட்டையைத் திருகிக்கொண்டிருந்தாள். டார்லா எதையும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாம் வைத்த இடத்திலேயே இருக்கின்றன என்று மட்டும் நினைத்துக்கொண்டாள்.

பள்ளியில் ஹேட்டி முதலில் எலிஸின் பின்னால் ஒளிந்தாள். அப்புறம் கூடைப்பந்து ஆடும் பிள்ளைகளைக் கொஞ்சம் எட்டிப் பார்த்தாள். இவர்கள் அலுவலகத்தில் பேசிவிட்டு வெளியே வந்தபோது, அவள் தன்னைவிட உயரமான ஒரு பையனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். பந்து கோட்டைத் தாண்டியதா இல்லையா என்று சைகையிலேயே சண்டை. இருவர் கைகளும் காற்றாலைபோலச் சுழன்றன. டார்லா விலக்கிவிடப் போனாள். எலிஸ் அவள் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"விடு. அவ சண்டை போட்டு நாம பார்த்ததே இல்லை."

மறுநாள் காலை, கடைவீதி உணவகத்துக்குச் சாப்பிடப் போனார்கள். சனிக்கிழமை. மேசை எல்லாம் நிறைந்திருந்தது. வீட்டுச் சொந்தக்காரர் டிட்வெல்லும் பக்கத்து மேசையில் இருந்தார். வெளுத்த மீசை, சலவை செய்த சட்டை. எழுந்து வந்து தொப்பியைத் தொட்டு, "மத்தியானம் வீட்டைப் பார்த்துக்கங்க, சாவி தர்றேன். உங்க வீட்டுக்காரங்க எல்லாம் பின்னாடி வர்றாங்களா?" என்றார். எலிஸ் தலையை ஆட்டியதில் ஆமாமும் இல்லை, இல்லையும் இல்லை.

பரிமாறும் பெண்ணின் பெயர் ரோண்டா என்று சட்டையில் குத்தியிருந்தது. ஐம்பதை நெருங்கியவள். ஹேட்டியின் காதில் இருந்த கருவியைப் பார்த்ததும், ஒரு கையில் காப்பிக் குடுவையைப் பிடித்தபடியே மறு கையால் சைகையில் கேட்டாள்.

"உனக்கு என்ன வேணும் கண்ணு?"

ஹேட்டிக்கு ஒரு கணம் புரியவில்லை. கடையில் ஒருத்தி தன்னிடமே கேட்கிறாள் என்பது அவளுக்குப் புதிது. வழக்கம்போல எலிஸைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, முட்டை வேண்டும், மஞ்சள் உடையக்கூடாது, சோளக் கஞ்சி வேண்டாம், அது பார்க்கவே நன்றாயில்லை என்று அடுக்கினாள்.

"சோளக் கஞ்சியைப் பத்தி என் கடையில இப்படிச் சொல்லக்கூடாது," என்றாள் ரோண்டா, கையாலேயே. "எந்த ஊர் நீ? புதுசா?" பிறகு கட்டைவிரலை நெற்றியில் வைத்து, புருவத்தைச் சுருக்கினாள். அப்பா எங்கே?

எப்போது, யாரிடம், எப்படிச் சொல்வது என்று டார்லாவும் எலிஸும் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்த விஷயம் அது. ஹேட்டிக்கு அந்தப் பேச்சு எதுவும் தெரியாது. தலையை ஆட்டினாள். கட்டைவிரலை மோவாயில் வைத்து, அம்மா, என்று எலிஸைக் காட்டினாள். மறுபடி மோவாயில் வைத்து, அம்மா, என்று டார்லாவைக் காட்டினாள். அது போதாதென்று இரண்டு கையையும் கோத்து, இவர்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்றும் சொல்லி முடித்தாள்.

ஒரு சத்தமும் எழவில்லை. ஆனால் அந்த ஊரில் பாதிப் பேருக்குச் சைகை தெரியும். பள்ளியில் வேலை பார்த்தவர்கள், பள்ளியில் படித்தவர்களின் அண்ணன் தம்பிகள், மாமன் மச்சான்கள். சுவரோரத்து மேசையிலிருந்து பேச்சு அடங்கிக்கொண்டே வந்தது. டார்லாவுக்கு அப்பாவின் அடக்கத்தன்று சர்ச்சில் இருந்த அமைதி நினைவுக்கு வந்தது. அன்று போல நெஞ்சு அடித்துக்கொள்ளும் என்று காத்திருந்தாள். அடித்துக்கொள்ளவில்லை.

ரோண்டா குடுவையை மாற்றிப் பிடித்தாள். "மஞ்சள் உடையக்கூடாது," என்று ஹேட்டியிடம் திருப்பிச் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

டிட்வெல் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். இவர்கள் விடுதிக்குத் திரும்பும் முன்பே எலிஸின் தொலைபேசி அடித்தது. டிட்வெல்தான். அவருடைய அக்கா மகனுக்குக் கல்யாணமாம், வீடு தேவைப்படுகிறதாம்.

எலிஸ் படுக்கையில் உட்கார்ந்து செருப்பைக் கூடக் கழற்றாமல் இருந்தாள்.

"நீ சொன்னதுதான் சரி. கிளம்பிடலாம் டார்லா. இந்த ஊர்ல நம்மால மூச்சுவிட முடியாது."

டார்லா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். நீச்சல் குளத்தின் கம்பி வேலிக்கு அருகே நின்று ஹேட்டி, காலையில் நடந்ததைத் தனக்குத் தானே கையால் பேசிக்கொண்டிருந்தாள். முட்டை. மஞ்சள். உடையக்கூடாது.

"மாசக்கணக்கா நச்சரிச்சு இங்க கூட்டிட்டு வந்தவ நீ," என்றாள் டார்லா. "இப்ப நான் வரேன்னு சொல்றேன், நீ பின்வாங்குறியா?"

"வரேன்னு எப்ப சொன்ன?"

"இப்பதான் சொல்றேன்." சாவியை எடுத்தாள். "அவ தன் வாயால, சரி, தன் கையால சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டா. அதை இங்க விட்டுட்டு நான் எங்க போறது?"

"எங்க கிளம்புற?"

"டிட்வெல் வீட்டுக்கு. சண்டைக்கு இல்லை. பயப்படாத."

டிட்வெல் வீட்டுக்குப் பக்கத்தில் படகைத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். டார்லாவைக் கண்டதும் குழாயை மூடினார். அவளுடைய பேச்சில் பழைய இழுவை தானாகவே திரும்பி வந்திருந்தது. அதை அவள் தடுக்கவில்லை.

"உங்க அக்கா மகனுக்கு எப்ப கல்யாணம் சார்?"

அவர் துணியால் கையைத் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். "அக்கா மகன்னு யாரும் இல்லம்மா," என்றார் கடைசியில்.

"தெரியும். வீட்டைக் கேட்டு நான் வரலை. வீடு இல்லைன்னு நீங்க என் மூஞ்சிக்கு நேரா சொல்லணும்னு வந்தேன்."

"நீ இந்தப் பக்கத்துப் பொண்ணா?"

"ஆமா சார். மேற்கால, மில்லுக்கு அந்தப் பக்கம்."

"அப்ப உனக்குப் புரியும். நான் சர்ச்சில மூப்பரா இருக்கேன். நாளைக்கு என்னை நாலு பேர் கேப்பாங்க. எனக்கும் அது சரின்னு படலை, அதையும் சொல்லிடறேன்."

"சரி. நீங்க நினைக்கிறதை நான் மாத்த வரலை. ஆனா நாங்க இந்த ஊருக்கு வர்றோம். கடையில பார்ப்பீங்க, பள்ளிக்கூட வாசல்ல பார்ப்பீங்க. இன்னைக்கு மாதிரி பாதிச் சாப்பாட்டுல எழுந்துட்டே இருந்தா நீங்கதான் இளைச்சுப் போவீங்க."

அவர் சிரிக்கவில்லை. "போய்ட்டு வாம்மா," என்றார். அவள் திரும்பி நடந்தபோது குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது. அந்த மனிதர் மாறவில்லை, மாறுவார் என்று அவள் நினைக்கவும் இல்லை. ஆனால் பத்தொன்பது வயதில் சொல்லாமல் விட்டுப்போன ஏதோ ஒன்றைச் சொல்லிவிட்ட மாதிரி தோள் லேசாக இருந்தது.

அங்கிருந்து நேராக உணவகத்துக்குப் போனாள். கூட்டம் வடிந்திருந்தது. ரோண்டா மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வாடகைக்கு வீடு இருந்தா சொல்லுங்க," என்றாள் டார்லா.

ரோண்டா நிமிர்ந்து அவளை அளந்தாள். "உள்ளதைச் சொல்லிடறேன் கண்ணு. உங்க கல்யாணம் எனக்குச் சம்மதம் இல்லை. எங்க சர்ச்சிலயும் அது சரின்னு சொல்றதில்லை."

"சம்மதம் கேட்கலை. வீடு கேட்டேன்."

ரோண்டா துணியைத் தோளில் போட்டுக்கொண்டாள். உதட்டோரம் சிரிப்பு மாதிரி ஏதோ வந்து போயிற்று. "என் தம்பி ட்வைட்டோட வீட்டுல பாதி காலியா கிடக்கு. அவனுக்கும் காது கேட்காது. குடி வந்தவங்க யாரும் நிலைக்கலை."

"ஏன்?"

"போய்ப் பாரு, தெரியும்."

எலிஸையும் ஹேட்டியையும் கூட்டிக்கொண்டு போனபோது, காருக்குள் இருக்கும்போதே பாட்டின் அதிர்வில் காரணம் தெரிந்தது. ஒரே கூரையின் கீழ் இரண்டு வீடு, நடுவில் ஒரு சுவர். அந்தச் சுவரில் மாடு நின்ற மாதிரி பெரிய ஒலிபெருக்கி ஒன்றைச் சாய்த்துவைத்து, அதில் முதுகை ஒட்டி உட்கார்ந்துதான் ட்வைட் பாட்டை அனுபவிப்பான். அவனுக்கு அது உடம்பில் அதிரும். பக்கத்து வீட்டில் பாத்திரங்கள் நடக்கும்.

டயர் ஆலையில் வேலை பார்க்கும் பருத்த மனிதன். வாசலில் நின்று ஹேட்டியிடம்தான் முதலில் பேசினான். நாய் பிடிக்குமா என்று கேட்டான். பிடிக்கும். டாமினோ ஆடத் தெரியுமா? தெரியாது. "கத்துக்கோ," என்று சொல்லிவிட்டு டார்லா பக்கம் திரும்பினான்.

"இருட்டினதும் பாட்டை நிறுத்தணும்," என்றாள் டார்லா சைகையில்.

"பனிக்காலத்துல சீக்கிரம் இருட்டிடும். ஒத்துக்க மாட்டேன்."

"அப்ப இவ படுக்கப் போற நேரத்துக்கு."

"இவ எப்ப படுப்பா?"

ஹேட்டி உடனே குறுக்கே புகுந்து, தான் ரொம்ப நேரம் கழித்துத்தான் படுப்பேன் என்றாள். ட்வைட் தொப்பை குலுங்கச் சிரித்தான். பிறகு எலிஸையும் டார்லாவையும் மாறி மாறிப் பார்த்து, மோவாயைத் தொட்டு, "ரெண்டு அம்மாவா? எனக்கு ஒருத்தியையே தாங்க முடியலை," என்றான். எலிஸ் அந்தப் பயணத்தில் முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தாள். அப்புறம் கண்ணைத் துடைத்தாள். பிறகு உள்ளே போய் சமையலறை அலமாரிகளைத் திறந்து திறந்து பார்த்தாள். டார்லாவுக்கு அது போதும்.

பள்ளி விடுமுறை விட்டதும் குடிவந்தார்கள். எல்லாம் நன்றாக நடந்தது என்று சொல்ல முடியாது. தபால் பெட்டியில் வேத வசனம் எழுதிய துண்டுத்தாள்கள் வந்தன. எலிஸை ஒரு தையல் கூட்டத்துக்குக் கூப்பிட்டுவிட்டு, மறுநாளே வரவேண்டாம் என்றார்கள். டிட்வெல் கடையில் எதிர்ப்பட்டால் தொப்பியைத் தொட்டுவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விடுவார். டார்லா ஏசி பழுது பார்க்கும் வேலையில் சேர்ந்தாள். அந்த வெயிலில் அவளைத் திருப்பி அனுப்ப யாருக்கும் தைரியம் வரவில்லை. சிலர் வாசலில் நின்றே பேசினார்கள். சிலர் குளிர்ந்த தேநீர் கொடுத்தார்கள். கொடுத்தவர்கள் வீட்டில் அவள் உட்கார்ந்து குடித்தாள். கொடுக்காதவர்கள் வீட்டிலும் வேலையைச் சுத்தமாகத்தான் முடித்தாள்.

ஒருநாள் சாயங்காலம் மேசையில் சாப்பாட்டை வைத்துவிட்டு எலிஸ் வாசல் விளக்கைப் போட்டு அணைத்தாள். ஹேட்டியை உள்ளே கூப்பிட அதுதான் வழி. முற்றத்தில் அவள் நாலைந்து பிள்ளைகளுக்கு நடுவில் நின்று, யாரையோ பற்றிக் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள். மற்றப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டிருந்தன.

எலிஸ் மறுபடி போட்டு அணைத்தாள். ஹேட்டி திரும்பினாள். வெளிச்சத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, பார்க்காதவள் போல மறுபுறம் திரும்பிக்கொண்டு கதையைத் தொடர்ந்தாள்.

"பார்த்துட்டா. பார்த்துட்டே வர மாட்டேங்கிறா," என்றாள் எலிஸ்.

"தெரியுது," என்றாள் டார்லா. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "சாப்பாடு ஆறட்டும், விடு."