கும்போவின் மூன்றாவது கட்டு

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது ருமாஸாவுக்குப் புதிதில்லை. ஆனால் இந்தத் தடவை அவள் மாட்டிக்கொண்டது கானோ நகரமே காதைத் தீட்டிக் கேட்டுக்கொண்டிருந்த வானொலியில்.

கிண்டிவிட்டவர் மாலம் ஸகீரு, அதாவது ஸகீரு வாத்தியார். கானோவில் மாயக்கதை என்றால் அவர்தான் என்று இருந்த மனிதர். அவருடைய எல்லாக் கதையிலும் ஒரு மோதிரம் வரும். கதாநாயகன் சிக்கலில் மாட்டினால் மோதிரத்தைத் தேய்ப்பான், ஒரு ஜின் வந்து தூக்கிக்கொண்டு போகும். அவ்வளவுதான் கதை. அவர் தாடியைத் தடவிக்கொண்டு கேட்டார்: "மாயக்கதைக்கு விதி எதுக்கும்மா? மாயம்னாலே நினைச்சது நடக்கறதுதானே? விதிமேல அவ்வளவு ஆசைன்னா போக்குவரத்து போலீஸ்ல சேர்ந்திருக்கலாமே!"

நிகழ்ச்சி நடத்துகிற பையன் விழுந்து விழுந்து சிரித்தான். ருமாஸாவுக்குச் சுருக்கென்றது.

"என் கதையில விதி மீறின இடம் ஒண்ணே ஒண்ணை யாராவது காட்டட்டும் மாலம். அன்னிக்கே கதையை நிறுத்திடறேன். அனுப்பின பக்கத்தை எல்லாம் அழிச்சிடறேன். அப்புறம் பேனாவையே தொடமாட்டேன்."

அவள் பேனாவைத் தொட்டே வருஷக்கணக்காகிறது என்பது வேறு விஷயம். சமையலறை மூலையில் உட்கார்ந்து கைப்பேசியில் தட்டச்சு செய்து, பகுதி பகுதியாக வாட்ஸ்அப் குழுக்களுக்கு அனுப்புவாள். கானோவில் பாதிப் பெண்கள் அப்படித்தான் எழுதுகிறார்கள், மீதிப் பாதி அப்படித்தான் படிக்கிறார்கள். ஆனாலும் வாக்கு வாக்குதானே. அது காற்றில் ஏறிவிட்டது.

அவள் கதையின் நாயகி கும்போ. பால் விற்கிற பெண், மாடு மேய்க்கும் ஃபுலானி இனத்தவள். ஜாத்தாவு என்கிற அரசன் தன் ஊர்க் கிணறுகளுக்கெல்லாம் மந்திரப் பூட்டுப் போட்டுவிட்டான். தண்ணீரில்லாமல் கும்போவின் தாய் செத்துப்போகிறாள். கும்போவுக்குக் கட்டுப்போடும் வித்தை தெரியும். கட்டுப்பட்டவன் அசையமாட்டான், அவன் போட்ட பூட்டெல்லாம் தானாகத் திறந்துகொள்ளும். ஆனால் அந்த வித்தைக்கு இரண்டு விதி உண்டு. சொல்லால் தன் மனதை உண்மையாகவே புண்படுத்தியவனைத்தான் அவள் கட்டமுடியும். நடிப்பு வருத்தத்துக்கு மந்திரம் பிடிக்காது. அடுத்தது, ஒவ்வொரு கட்டுக்கும் அவள் நாக்கிலிருந்து ஒரு சுவை போய்விடும். போனது போனதுதான். உப்பு, இனிப்பு, புளிப்பு. மூன்றும் போனால் வித்தையும் போயிற்று.

ஜாத்தாவுக்கு இந்த விதிகள் தெரியும். அதனால் அவன் கும்போவிடம் தேனொழுகத்தான் பேசுவான். "மகளே, வா மகளே" என்பான். தாயைக் கொன்றவன் வாயிலிருந்து ஒரு கடுஞ்சொல் வராது. படிக்கிறவர்களுக்குப் பற்றிக்கொண்டு வரும். அதுதான் ருமாஸாவின் கெட்டிக்காரத்தனம்.

அந்தக் கெட்டிக்காரத்தனமே கடைசியில் அவள் கழுத்தைப் பிடித்தது. முதல் கட்டு வரிவசூல்காரனுக்கு, உப்பு போனது. இரண்டாவது ஓடக்காரனுக்கு, இனிப்பு போனது. மூன்றாவது அரண்மனை வாசலில் நின்ற காவலாளி பூகாருக்கு. அவன் "பாலில் தண்ணி கலக்கிற கழுதை" என்று திட்டினான், இவள் கட்டுப்போட்டாள், அவன் தூணாக நின்றான், இவள் உள்ளே போனாள். இனி நாக்கும் காலி, கையும் காலி. எதிரே சர்க்கரையாய்ப் பேசும் ஜாத்தாவு. இறுதிப் பகுதியை வானொலியில் நேரடியாக வாசிக்கிறேன் என்று ஒப்புக்கொண்ட நாள் வந்துவிட்டது. முடிவு மட்டும் வரவில்லை.

அன்று காலை கோஸை என்கிற பயறு வடை சுட்டுக்கொண்டிருந்தபோது கைப்பேசியில் குரல் செய்தி ஒன்று வந்தது. மைதுகுரி ஊரிலிருந்து யாகானா. கனூரி இனத்துப் பெண், வாசகர் குழுவிலேயே வாய் நீளமானவள். ஃபுலானிகளும் கனூரிகளும் முறைக்காரர்கள் மாதிரி. நம் பக்கத்தில் அத்தை மகனும் மாமன் மகளும் வாரிக்கொள்வார்களே, அது இங்கே இரண்டு இனத்துக்கே உண்டு. சந்தையிலோ சாவு வீட்டிலோ எங்கே பார்த்தாலும் ஒருவரை ஒருவர் "அடிமையே" என்று கூப்பிடலாம், தட்டிலிருந்து கறித்துண்டைப் பிடுங்கலாம். யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. கோபித்துக்கொண்டால் அவர்களைத்தான் ஊர் சிரிக்கும்.

யாகானாவின் குரல் கணீரென்று வந்தது. "அடியே மாட்டு வாலைப் பிடிச்சுக்கிட்டு ஊர் ஊராத் திரிஞ்சவளே! பூகார் கன்னத்துல கனூரிக்காரங்க அடையாளக் கீறல் இருக்குன்னு நீதானே எழுதினே? அப்ப அவன் எங்க ஆளு. கும்போ உங்க ஆளு. எங்க ஆளு திட்டினா உங்களுக்கு வலிக்குமா? எந்தக் காலத்துலடி வலிச்சிருக்கு? வலிக்காம மந்திரம் எப்படிடி பிடிச்சுது? விதி மீறிட்டே. வானொலியில சொன்னியே, மூட்டையைக் கட்டு!"

ருமாஸாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. எண்ணெயில் கோஸை கருகிக்கொண்டிருந்தது. அவளும் ஃபுலானி அப்பனுக்குப் பிறந்தவள்தான். சின்ன வயதிலிருந்து கனூரிகளிடம் வாங்காத ஏச்சில்லை, கொடுக்காத ஏச்சில்லை. பூகார் பார்க்க மிடுக்காக இருக்கட்டுமே என்று போகிற போக்கில் இரண்டு கீறலைப் போட்டுவிட்டாள், புத்தி கெட்டவள்.

மூத்தாள் ஊவானி ஓடிவந்து சட்டியை இறக்கினாள். ஒரே கணவனுக்கு வாழ்க்கைப்பட்ட இருவர். ஆரம்பத்தில் முகம் பார்க்காமல் இருந்தவர்களைக் கும்போதான் பேசவைத்தாள். ஒவ்வொரு பகுதியையும் முதலில் படிப்பது ஊவானிதான்.

"என்னடி இப்படிக் கருக விடறே?"

செய்தியைக் கேட்டதும் அவள் முகமும் கருகிவிட்டது. "போகட்டும் விடு. அந்தக் கீறலை அழிச்சிடு. யாரு பாக்கப் போறா?"

"அனுப்பியாச்சுக்கா. ஊரே படிச்சாச்சு. இந்நேரம் இந்தக் குரலும் ஊரெல்லாம் போயிருக்கும்."

"அப்ப ஒரு ஜின்னைக் கொண்டு வா. மாலம் ஸகீரு கொண்டு வரலையா? யாரு செத்தா?"

"கதை செத்துடும்."

"விதியாம் விதி! நீயே போட்டது, நீயே எடுக்க முடியாதா? அந்தப் பொண்ணை நடுத்தெருவுல நிறுத்திட்டு விதி பேசறா!" ஊவானி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ருமாஸா கைப்பேசியை எடுத்து, எல்லாப் பக்கங்களையும் அழித்துவிடலாமா என்று விரலை வைத்தாள். மனசு வரவில்லை. அழிப்பதானால் வானொலியில் எல்லோர் முன்னாலும் அழிப்போம், ஒளிந்துகொண்டு வேண்டாம் என்று முடிவு செய்தாள். அழுகை வந்தது, அழுதாள். பிறகு முகம் கழுவி, நல்ல முக்காடாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு, பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் ஆட்டோ ஏறினாள்.

சந்தை முக்கில் ஆட்டோ திரும்பும்போது தலையில் பால் சுரைக்குடுக்கையோடு ஒரு ஃபுலானிக் கிழவி குறுக்கே வந்து நின்றாள். ஓட்டுநரின் கன்னத்தைப் பார்த்தாள், குரல் ஏறியது. "டேய் கனூரி அடிமை! நில்லுடா! இல்லேன்னா கட்டுப்போட்டுடுவேன்!"

ஓட்டுநர் எஞ்சினை அணைத்தான். கைப்பிடியில் கை, பாதி திறந்த வாய், இமை கூட ஆடவில்லை. பின்னால் வந்த வண்டிகள் அலறின. ஒருவன் இறங்கி வந்து முதுகில் தட்டினான். அசையவில்லை.

"தம்பி, எனக்கு நேரமாகுதுப்பா!" என்று ருமாஸா கத்தினாள்.

உதடு அசையாமல் பதில் வந்தது. "கட்டுப் போட்டுட்டாங்க அக்கா. நான் பூகார். என்னால ஆகாது."

தெருவே சிரித்தது. கிழவி அடக்கமாட்டாமல் சிரித்து, குடுக்கையைச் சாய்த்து அவன் வாயில் ஒரு மடக்குப் பாலை ஊற்றினாள். உடனே உயிர் வந்து, "ஏறு, மாட்டுக்கார மகாராணி" என்றான்.

கிழவி ருமாஸாவுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். ருமாஸா அவளைப் பார்க்கவில்லை. அவள் கண் ஓட்டுநரின் முதுகில் நிலைகுத்தி நின்றது. கைப்பேசியை எடுத்து, பூகார் வந்த பகுதியிலிருந்து கடைசி வரி வரைக்கும் ஓட்டிப் பார்த்தாள். வாசலைத் தாண்டியபிறகு கும்போ எதையாவது வாயில் வைத்தாளா? தண்ணீர்? ஒரு பருக்கை? ஒன்றுமில்லை. ஓடினாள், ஒளிந்தாள், படியேறினாள். எதையும் சுவைக்கவில்லை.

"அல்லாவே!" என்று அவள் போட்ட சத்தத்தில் கிழவியின் பால் தளும்பியது.

வானொலி அறையில் மாலம் ஸகீரு கஞ்சி மடிப்புக் குலையாத அங்கியில் வீற்றிருந்தார். முகத்தில் ஈத் பெருநாள் களை. தொலைபேசியில் யாகானாவையும் பிடித்து வைத்திருந்தார்கள்.

"வாம்மா," என்றார் மாலம் வாஞ்சையாக. "எனக்கு வருத்தந்தான். ஆனா வாக்குன்னு ஒண்ணு இருக்கில்ல?"

"இருக்கு மாலம். யாகானா சொன்னது நூத்துக்கு நூறு சரி. பூகாரோட ஏச்சு கும்போவுக்கு வலிச்சிருக்காது. வலிக்காத இடத்துல மந்திரம் பிடிக்காது. பூகார் மேல கட்டு விழவே இல்லை."

யாகானாவே அதை எதிர்பார்க்கவில்லை.

"அப்ப கதை முடிஞ்சுதுன்னு சொல்லு," என்றார் மாலம்.

"கதை முடியல மாலம். விதி மீறப்படவே இல்லை, அப்படியே நிக்குது. யாகானா, உன்னை ஒண்ணு கேக்கறேன். ஒரு ஃபுலானிச் சிறுக்கி உங்க பூகார் முன்னால நின்னு, 'உனக்குக் கட்டுப்போட்டுட்டேன், அசையாதேடா'ன்னு சொன்னா அவன் என்ன பண்ணுவான்?"

தொலைபேசியில் மைதுகுரியே அதிர்கிற மாதிரி ஒரு சிரிப்பு. "நிப்பான்டி! கல்லாட்டம் நிப்பான்! ஈ மொய்ச்சாலும் அசையமாட்டான். அவளைக் கேலி பண்ண விடிய விடிய நிப்பான், படுபாவி!"

"நின்னான். மேல்மாடத்துலேருந்து ஜாத்தாவு அதைப் பார்த்தான்."

ருமாஸா கைப்பேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். எழுதிக்கொண்டு வராத முடிவை வாயாலேயே சொன்னாள்.

ஜாத்தாவு கும்போவை எதிர்கொண்டு அழைத்தான். "களைத்து வந்திருக்கிறாய் மகளே" என்று புளித்த பால் நிறைந்த குடுக்கையை நீட்டினான். உபசாரமில்லை, புளிப்பும் போய்விட்டதா என்று சோதனை. அவன் கண் அவள் முகத்திலேயே இருந்தது. கும்போ ஒரு மடக்குக் குடித்தாள். புளித்தது! நாக்கின் அடிவரைக்கும் புளித்தது. வாசலில் நின்றவன் விளையாடியிருக்கிறான், மூன்றாவது கட்டு இன்னும் தன்னிடமே இருக்கிறது என்று அந்தக் கணத்தில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. முகத்தில் ஒரு சுருக்கம் காட்டவில்லை. உமியைத் தின்றவள்போல் விழுங்கினாள்.

ஜாத்தாவு நிம்மதியாக மூச்சுவிட்டான். இத்தனை காலம் கடித்து வைத்திருந்த நாக்கை அவிழ்த்துவிட்டான். "பால்காரிச் சனியனே," என்றான், "உன் தாய் நாக்கு வறண்டு செத்த அன்றைக்கு இங்கே என் குதிரைகள் குளித்துக்கொண்டிருந்தன. அவள் கதறியது எனக்குக் கேட்டது. தூங்குவதற்கு இதமாக இருந்தது."

அந்த வலிக்கு நடிப்புத் தேவைப்படவில்லை. கும்போ கட்டுப்போட்டாள். அரசன் திறந்த வாய் திறந்தபடி நின்றான். ஊரெங்கும் கிணற்று மூடிகள் ஒவ்வொன்றாக வெடித்துத் திறந்தன. தண்ணீர் விளிம்பு வரை பொங்கியது. வாசலில் பூகார் குடம் குடமாகத் தலையில் ஊற்றிக்கொண்டு, "ஏ கழுதை! தண்ணியில பால் கலக்காதே!" என்று கூவினான்.

நிகழ்ச்சி நடத்துகிற பையன் ஒலிவாங்கியை மறந்து எழுந்து நின்று கைதட்டினான். "ஒத்துக்கறேன்டி அடிமையே!" என்று யாகானா அலறினாள். "எங்காளு இல்லாம உன் கும்போவுக்கு ஆகலே பாத்தியா! அது கிடக்கட்டும். மாலம், அங்கதான இருக்கீங்க? ரொம்ப நாளாக் கேக்கணும்னு. உங்க மோதிரம் எப்ப வேலை செய்யாது?"

மாலம் ஸகீரு தாடியைத் தடவினார். மறுபடியும் தடவினார். "அது... அது எப்பவும் வேலை செய்யும்" என்றார். சொன்னபிறகுதான் அது எவ்வளவு சப்பென்று இருக்கிறது என்று அவருக்கே புரிந்தது போலிருக்கிறது. குனிந்து தண்ணீர் எடுத்துக் குடித்தார்.

வீடு திரும்பும் வழியெல்லாம் மண்சுவர்களுக்கு அந்தப் பக்கமிருந்து குலவைச் சத்தம். வானொலியில் கதை கேட்ட முகம் தெரியாத பெண்கள், ஒரு முற்றத்திலிருந்து அடுத்த முற்றத்துக்கு. எந்த வீட்டில் கல்யாணம் என்று ஆட்டோக்காரன் கேட்டான். ருமாஸா முக்காட்டை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாள். உலகத்தையே வாங்கிவிட்டமாதிரி இருந்தது அவளுக்கு. இருக்காதா பின்னே?

வாசலிலேயே ஊவானி காத்திருந்தாள். கட்டிப்பிடித்துக்கொண்டாள், குலவையிட்டாள், முதுகில் ஓங்கி இரண்டு அடியும் வைத்தாள். பிறகு சட்டென்று விலகி நின்றாள்.

"ஏன்டி, அந்தப் புளிப்பு? இப்ப அதுவும் போயிருக்குமே. ஊரே விருந்து வெக்குமே, அவளுக்கு ஒண்ணுமே ருசிக்காதா?"

"ருசிக்காதுக்கா."

"திரும்ப வராதா?"

"வராது."

ஜின்னைக் கொண்டு வா என்று சொல்வாள் என ருமாஸா எதிர்பார்த்தாள். ஊவானி சொல்லவில்லை. திண்டாடிப்போன முகத்தோடு மெதுவாகத் தலையாட்டினாள்.

"ஆமா, எப்படி வரும்?" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "கட்டுப் போட்டுட்டாளே."