மூச்சு விடத் தெரிந்த நாய்

1

இந்தக் கதை கிடைத்த இடத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: ஒரு கால்நடை மருத்துவரின் வரவேற்பறை. என் பூனைக்குக் காதில் புண். எதிரில் இருந்தவருடைய நாய் என் செருப்பின் மேல் தலையை வைத்துத் தூங்கிவிட்டது. எழுப்ப மனமில்லை. உட்கார்ந்திருந்தேன். அவர் சொல்ல ஆரம்பித்தார்.

வீட்டுக்கு வந்து எழுதிய முதல் வரி: 'பல நூற்றாண்டுகளுக்கு முன், காளையின் மூக்கைக் கவ்வி நிறுத்துவதற்காக மனிதன் ஒரு நாயை...'

(பாடப்புத்தக வாடை. அவரிடமிருந்தே தொடங்குகிறேன்.)

2

அவர் பல்செட் செய்பவர். நாள் முழுக்க ஊரார் தாடைகளோடுதான் அவருக்குப் பிழைப்பு. ஆசையாக வளர்த்த குண்டு என்ற புல்டாக், ஒரு மதியம் தெருமுனை வரை நடந்துவிட்டு வந்து, மூச்சுக்குத் தவித்து அவர் மடியிலேயே செத்துப்போனது. நான்கே வயது.

அவர் பழைய படங்களைத் தேடிப் பிடித்தார். காளைச் சண்டைக் காலத்து நாய்க்கு நீண்ட கால். மூச்சு விட இடம் கொடுக்கும் மூக்கு. சண்டையைச் சட்டம் தடுத்த பிறகு, அழகுப் போட்டிக்காக மூக்கை உள்ளே தள்ளி, தலையை ஊதிப் பெரிதாக்கிவிட்டார்கள். அந்தத் தலை தாயின் இடுப்பெலும்பைத் தாண்டாது. பிரசவம் என்றால் கத்திதான்.

பழைய நாயைத் திரும்பக் கொண்டுவருவது என்று முடிவு செய்தார். புல்டாக்கோடு வேறு இரண்டு இனங்களைக் கலந்து, பதினோரு வருடம், நான்கு தலைமுறை. உடல் பழைய படத்தில் இருப்பது போலவே வர வேண்டும். பழைய கோபம் மட்டும் வரக்கூடாது.

(அவர் மனைவியை முதலில் சிடுசிடுப்பானவராக எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். குட்டிகளுக்கு இரண்டு மணிக்கொரு தரம் பால் கொடுத்தது அவர்தான். மூன்று தாய்களுக்கு அறுவை ஆகி, மூன்றாவது மயக்கத்திலிருந்து எழவேயில்லை. அன்று அழுததும் அவர்தான்.)

நான்காம் தலைமுறைப் பெண் நாய் சண்டி சினையானபோது மனைவி சொன்னது இவ்வளவுதான்: "இதுக்கும் கத்தி வச்சா இதோட நிறுத்திக்கலாம்." கணவர் சரி என்றார்.

3

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, வானம்...

(வானத்தை விடுவோம். எல்லோரும் வீட்டுக்குள் இருந்தார்கள்.)

சண்டி ஒரு மணி நேரமாக முக்கிக்கொண்டிருந்தது. ஒன்றும் வரவில்லை. மனைவியின் தங்கைதான் மருத்துவர்; என் பூனையின் காதைப் பார்த்ததும் அவர்தான். பெட்டியைத் திறந்து வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இருபது நிமிஷம், அத்தான். அப்புறம் உங்க பேச்சு எடுபடாது."

பல்செட்காரர் வாதாடவில்லை. பதினோரு வருடம் போனால் போகிறது, நாய் பிழைத்தால் போதும் என்று தோன்றியதாம். உடனே அறுத்துவிடச் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் சண்டி எழுந்து, விரித்த மெத்தையை விட்டு இறங்கி, நடைவழியில் இரண்டு சுற்றுச் சுற்றி, கால்மிதியின் மேல் முதல் குட்டியைப் போட்டது. பிறகு வரிசையாக ஐந்து. பெட்டி மூடப்பட்டது. பல்செட்காரர் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். வெளியே நன்றாகவே கேட்டது என்று மச்சினி எனக்குச் சொன்னார்.

4

ஐந்து குட்டிகளுக்கு நீண்ட மூக்கு. ஆறாவது அச்சு அசல் குண்டு: தட்டை முகம், உள்ளே போன மூக்கு, பிறந்ததிலிருந்தே குறட்டை.

பதிவேட்டில் அவரே எழுதிய விதி: தட்டை முகம் பிறந்தால் பால் மறந்ததும் வேறு வீட்டுக்குக் கொடுத்துவிட வேண்டும். வீட்டில் இருந்தால் மனம் இளகி, அதையும் இனத்தில் சேர்த்துவிடுவோமோ என்ற பயம்.

முதல் முடிவு: கொடுத்துவிடுகிறார். மனைவி ஒரு வாரம் பேசுவதில்லை.

இரண்டாம் முடிவு: விதியைக் கிழிக்கிறார். (இவர் கிழிக்கிற ஆள் இல்லை. நம்ப முடியவில்லை.)

மூன்றாவது: கருத்தடை செய்து வைத்துக்கொள்...

குட்டியை என்ன செய்யப்போகிறார் என்று அன்று வரவேற்பறையிலேயே அவரைக் கேட்டிருந்தேன். சட்டைக்குள்ளிருந்து எதையோ மெதுவாக வெளியே எடுத்தார். உள்ளங்கையில் குறட்டை விட்டது.

"முடிவை நீங்களே எழுதிக்குங்க. இதுக்குச் சப்பும்போது மூச்சு முட்டுது, சொட்டுச் சொட்டாத்தான் குடுக்கணும்" என்று பால்புட்டியைத் திறந்தார்.

நான் பேனாவை உங்களிடம் தருகிறேன்.