மூன்று லிட்டர் காற்று

2024 பிப்ரவரி 12, திங்கட்கிழமை. பீன்யா தொழிற்பேட்டையில் இரும்பு வார்க்கும் ஒரு ஃபவுண்டரியின் கொட்டகையில், தொழிலாளர்களை ஓர் இயந்திரத்தின் குழாயில் ஊதவைத்து நுரையீரல் சோதனை நடந்தது.

வார்ப்பு அச்சுக்கு மணல் கலக்கும் மணல் பிரிவுச் சின்னப்பாவின் முறை வந்தபோது அவருக்கு நெஞ்சில் சளி கட்டியிருந்தது. போன வாரம் முழுக்கக் காய்ச்சல். சோதனை செய்ய வந்த தமயந்தி அவர் இருமியதைக் கேட்டதும் குழாயைக் கீழே வைத்துவிட்டாள். சளியோடு ஊதினால் அளவு குறைத்துத்தான் காட்டும், நெஞ்சு தெளிந்து ஒரு மாதம் போகட்டும் என்றாள்.

சின்னப்பாவுக்குப் போன உயிர் திரும்பியது. அளவு குறைந்தால் லாயக்கில்லை என்று கேட்டிலேயே நிறுத்திவிடுவார்கள். முகமூடி தருவதில்லை என்று தொழிற்சாலை ஆய்வாளரிடம் அவர் வாய்திறந்த நாளிலிருந்து சூப்பர்வைசர் ஓஸ்வால்ட் இதற்குத்தான் காத்திருந்தான்.

"இன்னிக்கே ஊதட்டும் மேடம்," என்றான் ஓஸ்வால்ட்.

முடியாது என்றாள். அவன் அவளைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு, சின்னப்பாவின் பிடரியைப் பிடித்துக் குழாயை வாயில் திணித்தான். முன்பல் ஒன்று உடைந்தது.

"பீடி ஊதத் தெரியுதில்ல? இத ஊதுடா."

சின்னப்பா மூச்சை அடக்கிக்கொண்டார். அடித்து அழவைக்கலாம், ஊதவைக்க முடியாது என்பது அந்த நொடியில்தான் அவருக்கு விளங்கியது. ஓஸ்வால்ட் வயிற்றில் குத்தினான். இருமல் வெடித்து ரத்தமும் சளியும் குழாயில் தெறித்தன. இயந்திரம் அதை மூச்சாகவே எடுத்துக்கொள்ளவில்லை. மறுபடியும் குத்தினான்.

இயந்திரத்தைச் சரிபார்க்கிற பெரிய சிரிஞ்சு மேசையில் கிடந்தது. மூன்று லிட்டர் காற்று பிடிக்கும், தொடைப் பருமன். கைக்கு அகப்பட்ட அதைத் தூக்கி ஓஸ்வால்டின் தாடையில் இறக்கினார் சின்னப்பா. அவன் சாய்ந்த பிறகும், காதோரம் இன்னொன்று.

ஓஸ்வால்டின் ஆட்கள் இருவர் அச்சு உடைக்கும் கம்பிகளோடு ஓடிவந்தார்கள். முதல் அடியின் சத்தம் சின்னப்பாவுக்கு உடம்புக்கு உள்ளிருந்து கேட்டது. அதன்பின் எண்ணவில்லை. தமயந்தி குறுக்கே விழுந்து, அவள் மணிக்கட்டிலும் ஒரு அடி பட்டபோதுதான் கம்பிகள் நின்றன.

சின்னப்பாவுக்கு விலா எலும்பு மூன்று முறிந்திருந்தன. அவை கூடும்வரை ஊதக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஓஸ்வால்டின் தாடைக்குக் கம்பி கட்டினார்கள். இரண்டு தரப்பின் மீதும் வழக்குப் பதிவானது.

ஜூனில் சின்னப்பா ஊதினார். நுரையீரல் நன்றாக இருந்தது. மணல் பிரிவில் அவர் இடத்துக்கு ஏப்ரலிலேயே வேறு ஆள் வந்துவிட்டான்.